வைத்தியர் அனுப்பிய பயணம், வாத்தியார் கொண்டுவந்த மெட்டு



சென்ற இதழில் வங்கிக் கணக்குகளுக்கு நாமினி போடுவது பற்றி எழுதியிருந்தேன். "உபயோகமாக இருந்தது சார், ஆனால் அடுத்த தடவை கொஞ்சம் சுவாரசியமாக எழுதுங்களேன்" என்று லிஃப்டில் ஒருவர் சொன்னார். அவர் பேச்சைத் தட்டாமல் இந்த முறை சரித்திரம் எழுதுகிறேன். அதிலும் இசைச் சரித்திரம். நான் படித்தது பி.காம்., எனக்குத் தெரிந்த சங்கீதம் மார்கழிக் கச்சேரியில் பின்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டும் அளவுதான். ஆகவே தைரியமாகப் படிக்கலாம், இலக்கணம் எதுவும் வராது.

என் பேத்தி கீபோர்டு வகுப்புக்குப் போகிறாள். அவளுடைய ஆசிரியை, குஸ்டாவ் ஹோல்ஸ்ட் என்ற ஆங்கிலேயர் எழுதிய 'கிரகங்கள்' என்ற இசையைக் கேட்டுவிட்டு வரச் சொல்லியிருந்தார். செவ்வாய், வெள்ளி, புதன், வியாழன் என்று ஏழு கிரகங்களுக்கு ஏழு இசைத் துண்டுகள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அது முடிந்ததும் கணினி தானாகவே அதே மனிதரின் வேறொரு இசையைப் போட்டது. பேத்தி எழுந்து விளையாடப் போய்விட்டாள். எனக்கு எழுந்து நிறுத்த சோம்பல், கேட்டுக்கொண்டே இருந்தேன்.

பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆனதும் ஒரு புல்லாங்குழல், தாழ்ந்த சுரத்தில், சின்னதாக ஒரு மெட்டு வாசித்தது. மறுபடி அதையே வாசித்தது. மறுபடியும். அந்தக் கால கிராமபோனில் ஊசி ஒரே பள்ளத்தில் மாட்டிக்கொள்ளுமே, அதுபோல ஏதோ கோளாறு என்று நினைத்து எழுந்தேன். கை மவுஸ் மேல் போனபோதுதான் கவனித்தேன்: குழல் மாறவில்லை, ஆனால் அதைச் சுற்றி எல்லாம் மாறிக்கொண்டிருந்தது. திரும்ப உட்கார்ந்துவிட்டேன். அன்று ஆரம்பித்த ஆர்வம்தான் இந்தக் கட்டுரை.

அந்த இசையின் பெயர் 'பெனி மோரா'. மேல்நாட்டு இசையில் இதை 'சூட்' என்று எழுத்துக்கூட்டத் தோன்றும். உச்சரிப்பு என்னவோ 'ஸ்வீட்'. ஒரே கருத்தில் கோத்த சில தனித்தனி இசைத் துண்டுகளின் தொகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் மூன்று துண்டுகள். முழுவதும் கேட்க சுமார் பதினேழு நிமிடம் ஆகும். ஒரு முழு வாத்தியக் குழு சேர்ந்து வாசிக்க வேண்டியது.

எனக்கு ஹோல்ஸ்டைப் பிடித்துப்போக முதல் காரணம், அவர் வேலைக்குப் போன மனிதர் என்பதுதான். 1874ல் இங்கிலாந்தின் செல்ட்டனம் ஊரில் பிறந்தவர். சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. பியானோக் கலைஞராக வர நினைத்தார். வலது கையில் நரம்பு வலி வந்து அந்த ஆசை போயிற்று. இழுத்து இழுத்து ஊதுவார்களே, ட்ராம்போன் என்ற பித்தளைக் குழல், அதை வாத்தியக் குழுக்களில் ஊதிச் சில வருடம் பிழைத்தார். கல்யாணம் ஆனது. ஊர் ஊராகப் போய் ஊதினால் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகாது, இசை எழுதவும் நேரம் இருக்காது என்று பள்ளிக்கூட வேலைக்கு வந்தார். 1905ல் லண்டனில் செயின்ட் பால்ஸ் பெண்கள் பள்ளியில் இசை ஆசிரியராகச் சேர்ந்தவர், 1934ல் இறக்கும்வரை அந்த வேலையை விடவில்லை. 1907லிருந்து, பகலில் உழைக்கும் மக்கள் படித்த மார்லி கல்லூரியிலும் பாடம் எடுத்தார். சொந்த இசை எழுதியதெல்லாம் வார இறுதியிலும் ஆகஸ்ட் விடுமுறையிலும்தான். சனிக்கிழமையும் அரை நாள் கவுண்ட்டரில் உட்கார்ந்த என்னைப் போன்றவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

இரண்டாவது காரணம், நமக்கு நெருக்கமானது. இந்த மனிதருக்கு இந்தியா மேல் தீராத ஈடுபாடு. ரிக் வேதப் பாடல்களின் மொழிபெயர்ப்புகளைப் படித்தார். அவை இசையமைக்கத் தோதாக இல்லை என்று லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் சமஸ்கிருத வகுப்பில் சேர்ந்து, அகராதியும் கையுமாக உட்கார்ந்து, தானே ஆங்கிலத்தில் ஆக்கிக்கொண்டார். சீதையைப் பற்றி மூன்று அங்க இசை நாடகம், சாவித்திரியைப் பற்றி ஒரு சிறிய இசை நாடகம், காளிதாசனின் மேகதூதத்தை வைத்து ஒரு பெரிய பாடல் என்று வரிசையாக எழுதினார். ஆனால் இந்தியாவுக்கு அவர் ஒரு நாளும் வந்ததில்லை. நம் கதைகளைப் புத்தகத்தில் படித்தாரே தவிர, நம் தெருவில் நின்று நம் சங்கீதத்தைக் கேட்க அவருக்கு வாய்க்கவில்லை.

'சீதா'வுக்கு ஏறக்குறைய ஆறு வருட உழைப்பு. அதை ஒரு பெரிய போட்டிக்கு அனுப்பினார். பரிசு கிடைக்கவில்லை. உடம்பும் சரியில்லை, மனசும் சரியில்லை. வெப்பமான ஊருக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரும்படி வைத்தியர் சொன்னார். 1908ல் வட ஆப்பிரிக்காவில் உள்ள அல்ஜீரியாவுக்குப் புறப்பட்டார். அங்கே போய் மனிதர் சும்மா படுத்திருந்தாரா? சைக்கிளை எடுத்துக்கொண்டு சஹாரா பாலைவனத்துப் பக்கம் சுற்றினார். ஆஸ்துமாக்காரர்! என் இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

அப்போது அல்ஜீரியா பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. 1830ல் அல்ஜியர்ஸ் நகரைப் பிடித்தவர்கள், 1844ல் பாலைவனத்தின் வாசலில் உள்ள பிஸ்க்ரா என்ற சோலை நகரம்வரை வந்துவிட்டார்கள். சுற்றிலும் மணல், நடுவே பேரீச்சைத் தோப்புகள். 1888ல் ரயில் வந்ததும், குளிர்காலத்தில் வெயில் காய வரும் ஐரோப்பியப் பணக்காரர்களுக்கு அது பெயர் பெற்ற ஊராயிற்று. 1904ல் ராபர்ட் ஹிச்சன்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் இந்த ஊரை வைத்து ஒரு நாவல் எழுதினார். அதில் அவர் ஊருக்கு வைத்த கற்பனைப் பெயர்தான் 'பெனி மோரா'. ஹோல்ஸ்ட் தன் இசைக்கு அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார்.

பிஸ்க்ராவில் உலத் நைல் பெண்களின் தெரு என்று ஒன்று இருந்தது. உலத் நைல் என்பது மலைப்பக்கத்து இனக்குழு. அந்த இனத்துப் பெண்கள் சிலர் நகரங்களுக்கு வந்து ஆடிச் சம்பாதிப்பார்கள். சம்பாத்தியத்தை நாணய மாலையாகக் கோத்துக் கழுத்திலும் தலையிலும் அணிந்துகொள்வார்கள். பிறகு ஊர் திரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு குடித்தனம் நடத்துவார்கள். அன்னியர் ஆட்சி வந்த பிறகு இந்த வழக்கம் சுற்றுலாக்காரர்களின் வேடிக்கைப் பொருளாயிற்று; அந்தப் பெண்களின் மானத்தையும் வாழ்க்கையையும் அது மிகவும் கெடுத்தது. இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் சரித்திரம் ஆகாது.

அந்தத் தெருவில் இரவில் நடந்தால் ஒவ்வொரு காப்பிக் கடையிலிருந்தும் ஒவ்வொரு இசை வரும். இங்கே ஒரு மத்தளம், அங்கே ஒரு நாதசுரம் போன்ற குழல். எதற்கும் எதற்கும் சம்பந்தம் கிடையாது. நம் ஊரில் ஆடி மாதத்தில் நாலு தெருவில் நாலு கோவில் ஒலிபெருக்கி வைத்தால் நடுத்தெரு வீட்டுக்காரருக்குக் கேட்குமே, அந்த மாதிரி. இவற்றுக்கிடையில் ஒருவர் மூங்கில் குழலில் ஒரே சிறு மெட்டை மணிக்கணக்காக நிறுத்தாமல் ஊதிக்கொண்டிருந்ததை ஹோல்ஸ்ட் கேட்டார். மற்றவர்களுக்கு அது சலிப்பு. இவருக்கு அது நெஞ்சில் தங்கிவிட்டது.

லண்டன் திரும்பி, வழக்கம்போல வகுப்புகளுக்கு நடுவே, 1909, 1910ல் இந்த இசையை எழுதினார். முதல் இரண்டு துண்டுகளும் நடனங்கள். முதலாவது தந்தி வாத்தியங்களின் அழுத்தமான வீச்சோடு ஆரம்பிக்கும். இரண்டாவது மிக மெல்லியது. ஒரு பெரிய முரசை மெதுவாக, ஐந்தைந்தாக எண்ணும்படி தட்டிக்கொண்டே இருப்பார்கள். நம் கண்ட நடை பழகிய காதுகளுக்கு அது அன்னியமாகத் தோன்றாது. மூன்றாவதற்கு 'உலத் நைல்களின் தெருவில்' என்றே பெயர்.

இந்த மூன்றாவதில்தான் நான் சொன்ன குழல் வருகிறது. கேட்பவர் தெருவில் நடக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருட்டு, அமைதி. தூரத்தில் குழல். நடக்க நடக்க ஒவ்வொரு கடையின் சத்தமும் நெருங்கி வந்து, உரக்க ஒலித்து, பின்னால் போகிறது. ஒன்றின் தாளம் மற்றொன்றோடு சேராது. ஒரு கட்டத்தில் எல்லாம் சேர்ந்து காது அடைக்கும் அளவுக்குப் போகிறது. பிறகு ஒவ்வொன்றாக அடங்கி, கடைசியில் அதே குழலோடு இருட்டில் கரைந்துவிடுகிறது. அத்தனை நேரமும் குழல் மெட்டில் ஒரு சுரம்கூட மாறுவதில்லை. மொத்தம் 163 முறை வருகிறது என்று எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள்.

முப்பத்தைந்து வருடம் நோட்டு எண்ணியவன் நான், அடுத்தவர் கணக்கை அப்படியே ஏற்றுக்கொள்வேனா? பேப்பர் பென்சிலோடு உட்கார்ந்து, நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒன்று என்று ஐந்தைந்தாகக் குறித்துக்கொண்டே வந்தேன். மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் எண்பதைத் தாண்டுவதற்குள் கணக்கு விட்டுப்போயிற்று. பக்கத்தில் வரும் வேறு மெட்டுகள் கவனத்தை இழுத்துக்கொண்டு போய்விடுகின்றன. நாம் கேட்காத நேரத்திலும் குழல் அங்கேயே இருக்கிறது, நாம்தான் போய்விட்டுத் திரும்பி வருகிறோம். இது புரிந்த பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அந்த 163ஐ முன்னவர்கள் தணிக்கை செய்த கணக்காக ஏற்றுக்கொள்கிறேன்.

இதில் என்ன அப்படிப் பெரிய விஷயம் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு இன்னொரு பயணியைப் பார்க்க வேண்டும்.

ஹோல்ஸ்டுக்கு முன்பே, பிரான்சின் புகழ்பெற்ற இசை மேதை காமி சான்-சான்ஸ் அல்ஜீரியாவுக்குப் போனவர். 1873ல் உடல்நலத்துக்காக முதல் தடவை போனவர், பிறகு பலமுறை போனார். 1921ல் இறந்ததும் அல்ஜியர்ஸில்தான். அந்த மண்ணை நேசித்தவர் என்பதில் சந்தேகமில்லை. அவர் 1880ல் 'அல்ஜீரிய சூட்' என்ற நான்கு துண்டு இசையை எழுதினார். கப்பலிலிருந்து அல்ஜியர்ஸ் துறைமுகம் தெரிவதில் அது ஆரம்பிக்கிறது. அடுத்து அந்த ஊர் மெட்டுகளின் கலவை. மூன்றாவதாக பிளிதா என்ற ஊரில் ஒரு மாலைக் கனவு, மிக அழகானது. நான்காவது, முடிவு, எது தெரியுமா? பிரெஞ்சு ராணுவத்தின் அணிவகுப்பு இசை! துறைமுகத்தில் இறங்கி, ஊரைச் சுற்றிப் பார்த்து, மாலைக் காற்று வாங்கிவிட்டு, கடைசியில் நம் பட்டாளம் இங்கே பத்திரமாக இருக்கிறது என்ற திருப்தியோடு முடிகிறது. கேட்க உற்சாகமான இசைதான். தனியாகவும் நிறைய வாசிக்கிறார்கள். ஆனால் அந்த ஊர்க்காரர் ஒருவர் அதைக் கேட்டால் என்ன நினைப்பார் என்று யோசித்துப் பாருங்கள். 1962ல்தான் அல்ஜீரியா விடுதலை அடைந்தது, அதுவும் ஏராளமான உயிர்களைக் கொடுத்து.

ஒரே நாடு. இருவருமே உடம்பு தேறப் போனவர்கள். ஒருவர் இசை தன் நாட்டுப் பட்டாளத்தோடு முடிகிறது. மற்றவர் இசை பெயர் தெரியாத ஒரு தெருக் குழல்காரரோடு முடிகிறது. ஹோல்ஸ்ட் அந்த மெட்டைச் சீர்படுத்தி, நீட்டி, அலங்காரம் செய்து, லண்டன் காதுக்குத் தோதாக்கியிருக்கலாம். படித்த வாத்தியார், அது அவருக்கு ஒரு நிமிட வேலை. அதை அப்படியே விட்டுவிட்டு, தன் வாத்தியக் குழு முழுவதையும் அதைச் சுற்றி வரச் செய்தார். அந்நிய ஊரில் கேட்ட ஒன்றுக்கு அதைவிட என்ன மரியாதை செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

அவரிடமும் குறை உண்டு. 'கீழைநாட்டு சூட்' என்று பொதுவாக ஒரு முத்திரை குத்தினார். ஊருக்கு அதன் சொந்தப் பெயரை வைக்காமல் சுற்றுலாக்கார நாவலின் பெயரை வைத்தார். ஐந்து வருடம் கழித்து, 1913ல், ஹங்கேரியைச் சேர்ந்த பேலா பார்ட்டோக் ஒலிப்பதிவுக் கருவியோடு அதே பிஸ்க்ராப் பக்கம் போய் கிராமத்து இசையை முறையாகப் பதிவு செய்தார். அது ஆராய்ச்சி. ஹோல்ஸ்ட் செய்தது ஒரு வழிப்போக்கர் காது கொடுத்துக் கேட்டது, அவ்வளவுதான். ஆனாலும் காது கொடுத்தார்.

1912 மே 1ம் தேதி லண்டன் குயின்ஸ் ஹாலில் 'பெனி மோரா' முதன்முதலாக அரங்கேறியது. பால்ஃபர் கார்டினர் என்ற வசதியான இசைக்கலைஞர், சக கலைஞர்களுக்காகத் தன் சொந்தச் செலவில் நடத்திய கச்சேரி வரிசை அது. சபையில் சிலர் 'உஸ்ஸ்' என்று அதிருப்தி காட்டினார்கள். பிஸ்க்ராவின் நடனப் பெண்கள் லண்டன் மண்டபத்துக்கு வேண்டாம் என்கிற ரீதியில் ஒரு விமரிசகர் எழுதினார். ஹோல்ஸ்டின் ஆயுள்கால நண்பரான இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ் மட்டும், இது லண்டனுக்குப் பதில் பாரிஸில் அரங்கேறியிருந்தால் ஐரோப்பா முழுவதும் ஹோல்ஸ்டின் பெயர் பரவியிருக்கும் என்று பின்னாளில் கருத்துச் சொன்னார். அடுத்த வருடம் மேகதூதப் பாடல் அரங்கேறி, அதுவும் தோற்றது.

வாத்தியார் மறுபடி பள்ளிக்கூடம் போனார். வேறென்ன செய்வது? 1914ல் 'கிரகங்கள்' எழுத ஆரம்பித்தார். அதன் முதல் துண்டான செவ்வாயைக் கேட்டுப் பாருங்கள். ஐந்து எண்ணும் தாளம், விடாமல் ஒரே அடி, அதன் மேல் எல்லாம் மலைபோல் எழும்பும். பிஸ்க்ராவில் கற்றது எங்கே போயிற்று என்று தெரியும். 1918 செப்டம்பரில் அதே குயின்ஸ் ஹாலில், அதே கார்டினர் செலவில், நண்பர்களுக்காக அது முதலில் வாசிக்கப்பட்டது. பிறகுதான் ஹோல்ஸ்டின் பெயரை உலகம் தெரிந்துகொண்டது. அப்போது அவருக்கு வயது 44. அந்த மண்டபம் 1941ல் போர் விமானக் குண்டுவீச்சில் எரிந்துபோயிற்று, இசை இருக்கிறது.

இனி நம் வளாகத்துக்கு வருகிறேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் நம் இரண்டாவது கேட்டில் இரவுக் காவலுக்கு ஜார்க்கண்டிலிருந்து ஒரு பையன் இருந்தது சிலருக்கு நினைவிருக்கும். பதினோரு மணிக்கு மேல் அவன் மூங்கில் குழல் வாசிப்பான். ஒரே மெட்டு. நம் வாட்ஸ்அப் குழுவில் புகார்கள் வந்தன. அப்போது நான் சங்கத்தில் பொறுப்பில் இருந்ததால் இறங்கிப் போய்ச் சொன்னேன். "சரி சாப்" என்று குழலைப் பைக்குள் வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு வாசிக்கவில்லை. அந்த வருடக் கடைசியில் ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

புகார் நியாயமானதுதான். கைக்குழந்தை இருக்கும் வீடு, பரீட்சைக்குப் படிக்கும் வீடு எல்லாம் உண்டு. இன்று நடந்தாலும் இரவு பதினோரு மணிக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் சாயங்காலம் வாசி என்று சொல்லியிருக்கலாம். அது என்ன மெட்டு, உன் ஊரில் எப்போது வாசிப்பார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரு வாத்தியார் கடல் தாண்டிப் போய்க் கேட்ட மாதிரி ஒன்று, என் வீட்டு பால்கனிக்குக் கீழேயே வந்திருந்தது. அந்த மெட்டை இன்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன், முதல் நான்கைந்து சுரம் வருகிறது, மிச்சம் வரவில்லை.

என் மனைவியும் நானும் பணிக்காலத்தில் எல்.டி.சி. போட்டுக் காசி, டெல்லி, கன்னியாகுமரி என்று சுற்றியிருக்கிறோம். ஆல்பம் ஆறு இருக்கிறது. பையன் புண்ணியத்தில் சிங்கப்பூரும் போய்வந்தோம். போனில் ஆயிரத்துச் சொச்சம் படம். அந்த ஊர்களின் சத்தம் ஏதாவது நினைவிருக்கிறதா என்று அவளைக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "காசியில் விடிகாலையில் படகுத் துடுப்புச் சத்தம்" என்றாள். எனக்கு அது நினைவில்லை. அவள் சொன்ன பிறகு கேட்ட மாதிரி இருந்தது.

உங்களுக்கும் அப்படி ஏதாவது ஒரு சத்தம் இருக்கும். எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் தொகுத்துப் போடலாம் என்று ஆசிரியர் குழு சொல்லியிருக்கிறது. 'பெனி மோரா'வைக் கேட்க ஆசைப்படுகிறவர்கள் எந்த ஞாயிற்றுக்கிழமை மாலையும் நூலக அறைக்கு வரலாம், என்னிடம் சிறிய ஸ்பீக்கர் இருக்கிறது. வீட்டில் கேட்பவர்கள் இரவு பத்து மணிக்கு மேல் இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள். குழல் மாட்டிக்கொண்டுவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள்.

– பி பிளாக் வாசி, ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர்